அடுப்பில் இடமில்லை

பட்டறைத் தெருவில் அவருக்கு 'எதுக்கும்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது; அது வரி கட்டுகிற இடத்தில் மட்டும் பயன்பட்டது. எந்தப் பேச்சையும் "எதுக்கும் ஒரு தடவ பார்த்துடலாம்" என்று ஆரம்பிக்கிற மனிதருக்கு வேறு எந்தப் பெயர் ஒட்டும்? கம்பிக் கட்டு வந்து இறங்கினால், சீட்டில் எழுதியிருக்கும் எடையை நம்பாமல் தன் தராசில் ஏற்றிப் பார்ப்பார். பிறகு தன் தராசையும் நம்பாமல் எதிர்க்கடைத் தராசுக்குத் தூக்கிக்கொண்டு போவார். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார். பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு அந்த வீட்டுக்கு மூன்று முறை சொல்லாமல் கொள்ளாமல் போனவர் அவர். மூன்று முறையும் அந்தப் பெண் ஒரே மாதிரி கடுகடுப்போடு கதவைத் திறந்ததால், இவளிடம் நடிப்பு இல்லை என்று முடிவுகட்டிக் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். அந்தக் கடுகடுப்பு இன்றுவரை குறையவில்லை. நம்பிக்கையும்தான்.

அவர் செய்வது ஸ்பிரிங். பட்டறையில் கம்பியைச் சுற்றுகிற மெஷின்கள் மூன்று, ஆட்கள் ஆறு பேர், அடுப்பு ஒன்று. இந்த அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சுற்றி முடித்த ஸ்பிரிங்கை அப்படியே விற்க முடியாது. கம்பிக்கும் ரோஷம் உண்டு. நேராகக் கிடந்ததைப் பிடித்து வளைத்த கோபம் அதற்குள் இருக்கும். அரை மணி நேரம் அடுப்பில் வைத்து மெல்ல ஆறவிட்டால்தான் கோபம் தணிந்து, வளைந்தபடி நிற்கும். வேகாத ஸ்பிரிங்கும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அளவுகோலும் குறை சொல்லாது. பாரத்தைத் தாங்கி மூன்று வாரம் போனால்தான் சங்கதி தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, இழுத்த இழுப்புக்கு நீண்டு, ஒன்றுக்கும் உதவாமல் போகும்.

வெந்ததற்கு ஒரே அடையாளம் நிறம். வெள்ளிப் பளபளப்பு போய் லேசான தேன் நிறம் வரும். அந்த நிறத்தைப் பார்த்து இறக்குவது மனைவியின் வேலை. தட்டை ஏற்றும்போதெல்லாம் அடுப்புக் கதவில் சாக்பீஸால் ஒரு குறி போடுவாள். பூட்டுக்காரருக்கு வட்டம், பொம்மைக்காரருக்குப் பூனைக் காது, நாத்தனாருக்குக் குடை.

அந்த நாத்தனார் அவருடைய தங்கை. மேசை விளக்கு செய்து விற்கிறவள். கழுத்தை எப்படி வளைத்து எங்கே நிறுத்தினாலும் நிற்கிற விளக்கு. ஒவ்வொன்றின் கைக்குள்ளும் நான்கு ஸ்பிரிங் இருக்கும். மாதத்துக்கு முப்பது விளக்கு செய்வாள், நூற்றிருபது ஸ்பிரிங் வாங்குவாள். பட்டறை திறந்த அன்று முதல் ஆர்டர் கொடுத்தவள் அவள்தான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவருக்கென்று மிஞ்சியிருந்த ரத்தமும் அவள் ஒருத்திதான். இந்த உலகத்தில் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு விட்டுவிடக்கூடிய ஆள் ஒருவர் உண்டென்றால் அது தன் தங்கை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மெத்தைக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி பட்டறைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை முற்பகலில். நாற்காலியைத் துடைத்துப் போட்டும் உட்காரவில்லை. மெஷின்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக அடுப்பிடம் போய் நின்றார். விஷயம் தெரிந்த ஆள்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏற்றுவீர்கள், ஒரு முறைக்கு எத்தனை என்று கேட்டார். ஐந்து முறை, மெத்தை ஸ்பிரிங் என்றால் முறைக்கு இருநூறு என்றார் இவர். சாயங்காலத்துக்கு மேல் தெருவில் மின்சாரம் குறைச்சல், அடுப்பு சூடு பிடிக்காது என்பதையும் மறைக்கவில்லை. அதிகாரி மனசுக்குள் பெருக்கினார். பத்து நாளில் பத்தாயிரம் வேண்டும், அது சரியாக இருந்தால் ஒரு வருஷத்துக்கு மூன்று மெஷினும் எங்களுக்கே ஓடட்டும் என்றார்.

இவருக்கு மூக்கில் வேர்த்தது. இவ்வளவு பெரிய கம்பெனி இந்தச் சந்துக்குள் தேடி வருவானேன்? பழைய பட்டறையில் என்ன தகராறு? சரக்கை வாங்கிக்கொண்டு கைவிரித்துவிடுவார்களோ? அளவைத் தெரிந்துகொண்டு நாளைக்குத் தாங்களே மெஷின் போடுவார்களோ? கேட்க வேண்டிய கேள்விகள் தொண்டைவரை வந்தன. ஆனால் அதிகாரி முந்திக்கொண்டார்.

"சின்னச் சின்ன ஆளுங்களுக்கும் செஞ்சு குடுக்கறீங்க போல. அவங்க ஆர்டர் குறுக்க வந்தா எங்க சரக்கு நிக்குமா?"

"நிக்காது சார்."

"நெஜமா?"

"அவங்கள நான் பார்த்துக்கறேன்."

அதிகாரி கதவில் இருந்த வட்டத்தையும் பூனைக் காதையும் குடையையும் நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வை இவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் வாயெல்லாம் பல்லாகத்தான் வழியனுப்பினார்.

சாப்பிடும்போது பேச்சு அதுதான். பெரிய ஆள் என்றால் ஒரே அளவு. மெஷினை ஒரு முறை முடுக்கிவிட்டால் வருஷம் முழுக்க அது பாட்டுக்கு ஓடும். சின்ன ஆட்களோ காலையில் ஒரு அளவு, மதியம் ஒரு அளவு. மெஷினைக் கழற்றி மாட்டவே ஒரு மணி நேரம் போகும், அதற்கு மேல் வாசலில் நின்று வளவளவென்று பேச்சு வேறு. ஆனால் சின்ன ஆட்களில் ஒருவர் போனால் இன்னொருவர் இருப்பார். பெரிய ஆள் போனால் மெஷின், அடுப்பு, ஆறு பேர் எல்லாம் அன்றைக்கே சும்மா உட்கார வேண்டியதுதான். இதையெல்லாம் அவரே சொல்லி, அவரே மறுத்து, இரண்டு பக்கமும் வாதாடிக் களைத்துப்போனார்.

"ஒரே ஆள் கையில குடுமியக் குடுக்கறதான்னு யோசிங்க" என்று மட்டும் சொன்னாள் மனைவி.

"பெரிய எடத்துல கால் வெச்சாத்தான நாமளும் பெருசாக முடியும்?"

"அப்ப வெச்சுக்கோங்க. ஆனா இருக்கறவங்ககிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க."

அந்த ஒரு காரியம்தான் அவருக்கு வராது. உண்மையைச் சொன்னால் அதை வைத்து எதிராளி என்ன செய்வானோ என்ற பயம். பூட்டுக்காரரிடம் மெஷின் பழுது என்றார். பொம்மைக்காரரிடம் கம்பி வரவில்லை என்றார். தெருமுனை டீக்கடையில் அந்த இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. மறுநாளே பூட்டுக்காரர் வந்து, "மெஷினுக்கு உடம்பு தேவலையா? கம்பியும் கோச்சுக்கிட்டுப் போயிடுச்சாமே" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். இவர் அசடு வழிய நின்றார்.

அந்த வாரம்தான் தங்கை போனில் கூப்பிட்டாள். வழக்கமான நூற்றிருபது இல்லை. நானூற்றெண்பது வேண்டும், அதுவும் ஐந்து நாளில்.

"நானூத்தி எம்பதா? யாருக்கு?"

"ஒரு பெரிய எடம்ணா. முடியட்டும், சொல்றேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"இன்னும் கையெழுத்து ஆகல. ஆகறதுக்கு முன்னாடி சொன்னா நீ பத்து கேள்வி கேப்ப. எனக்கு பயம் வந்துடும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்த கையோடு சந்தேகம் வேலையை ஆரம்பித்துவிட்டது. அந்தச் சின்னக் கடையில் ஒரே மாதத்தில் நூற்றிருபது விளக்கு செய்ய முடியுமா? புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பேர்தானே? அவள் புருஷன் அதிகம் பேசாத மனிதர். பேசாத ஆட்கள் மேல் இவருக்கு எப்போதுமே ஒரு கண். அண்ணன் என்பதால் இவர் அவளுக்கு விலை குறைத்துக் கொடுக்கிற ஸ்பிரிங்கை வாங்கி வெளியே யாருக்காவது கைமாற்றிவிடுகிறார்களோ? அப்படித்தான் இருக்கும். இல்லாவிட்டால் பெயரைச் சொல்வதில் என்ன தயக்கம்? சாயங்காலத்துக்குள் அது அவர் மனசில் நடந்து முடிந்த சம்பவமாகவே ஆகிவிட்டது.

விளக்கு ஸ்பிரிங் பொடிசு. நானூற்றெண்பதும் ஒரே தட்டில் அடங்கும், ஒரே ஒரு முறை ஏற்றினால் போதும். ஆனால் பத்து நாளுக்கு ஐந்தைந்து முறை என்று கணக்குப் போட்டால் மெத்தைக்காரரின் பத்தாயிரத்துக்கு அப்பால் ஒரு முறைகூட மிச்சமில்லை. நாத்தனாருடையதை முதலில் ஏற்றிவிடலாம், இருநூறு குறைந்தால் குடியா முழுகிவிடும் என்றாள் மனைவி. சரி சரி என்று தலையாட்டினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் சாப்பிட வீட்டுக்குப் போன நேரத்தில், சுற்றி வைத்திருந்த நானூற்றெண்பதையும் நேராகக் கறுப்பு பெயின்டில் முக்கி எடுத்துக் காயவைத்தார். தங்கைக்குப் போகிற ஸ்பிரிங் எப்போதும் கறுப்புப் பூச்சோடுதான் போகும். வெந்ததா வேகாததா என்று பெயின்டுக்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. மனசு கொஞ்சம் உறுத்தியது. அதற்கும் பதில் வைத்திருந்தார். வெளியே கைமாற்றுகிறாள் என்றால் வாங்குகிறவன் பாடு, நமக்கென்ன? சொந்த விளக்குக்குத்தான் என்றால் பழுது வந்ததும் நம்மிடம்தானே வரப்போகிறாள், மாற்றிக் கொடுத்துவிடலாம். வீட்டு மனுஷிதானே. வெளி ஆளுக்குப் பயந்து செய்கிற வேலையை வீட்டு ஆளிடம் ஏமாற்றிச் செய்வது எவ்வளவு சுலபம் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்கிற புத்தியை வேறு இடத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

மனைவி வந்து கேட்டதற்கு, ஆச்சு, அனுப்பியாச்சு என்றார். அவளும் பத்தாயிரத்தின் நடுவே நின்றுகொண்டிருந்ததால் கதவில் குடை இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

சரக்கு போன நாலைந்து நாளில் வண்டிக்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஊர்ச் செய்தியைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத மனிதர். இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஸ்பிரிங் பட்டறை இருந்தது. அதன் சொந்தக்காரரை எல்லோரும் மொட்டை என்பார்கள். அந்த மொட்டையின் பட்டறை வாசலில் உங்கள் தங்கச்சி வண்டி ஒரு மணி நேரமாக நின்றது, கையில் பொட்டலத்தோடு உள்ளே போனார் என்றார் வண்டிக்காரர்.

இவருக்கு ஒரு பக்கம் வயிற்றெரிச்சல், ஒரு பக்கம் வெற்றி. பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று மனைவியிடம் குதித்தார். என் ஸ்பிரிங்கைக் கொண்டுபோய் அவனிடம் காட்டுகிறாள், அளவெடுத்து அவன் அதே மாதிரி செய்து மெத்தைக் கம்பெனி வாசலில் போய் நிற்கப்போகிறான், கூடப் பிறந்தவளே குழி பறிக்கிறாள் என்று அடுக்கிக்கொண்டே போனார். விளக்கு ஸ்பிரிங்கைப் பார்த்து மெத்தை ஸ்பிரிங் செய்வது எப்படி என்று மனைவி கேட்டாள்.

"நேரா போய்க் கேளுங்களேன்."

"கேட்டா உஷாராயிடுவா."

பெயின்டில் முக்கிய விஷயம் அதன் பிறகு அவரை உறுத்தவே இல்லை. துரோகிக்கு வேகாத ஸ்பிரிங் போதும் என்று நிம்மதியாகத் தூங்கினார். தூக்கத்தில் சிரித்ததாக மனைவி சொன்னாள்.

பத்தாயிரமும் தேறிவிட்டது. அதிகாரி போன் செய்து சரக்கு நன்றாக இருக்கிறது, இரண்டு வாரத்தில் முதல் மாதச் சரக்கை எடுக்க வண்டி வரும், அன்றைக்கே ஒப்பந்தத்தைக் கொண்டுவருகிறேன் என்றார். ஆறு ஆட்களுக்கும் தலைகால் புரியவில்லை. இவருக்கும் சந்தோஷம்தான், ஆனால் அதைச் சந்தேகப்படாமல் அனுபவிக்கத் தெரியவில்லை. மொட்டை எப்போது குறுக்கே வருவானோ என்றே காத்துக்கொண்டிருந்தார்.

அந்த நினைப்போடுதான் ஒருநாள் காலையில் தங்கையின் கடைப்பக்கம் போனார். கடைக்குள் போகவில்லை, எதிர்ச்சாரியில் ஒரு மருந்துக்கடை ஓரமாக நின்று, தலைவலி மாத்திரை வாங்குகிற பாவனையில் கவனித்தார். தங்கையும் அவள் புருஷனும் பெரிய பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேன் கிளம்பியது. இவரும் வண்டியை எடுத்தார். மொட்டையின் தெருவுக்குத்தான் திரும்பும் என்று எதிர்பார்த்தார். வேன் அங்கே திரும்பாமல் நேராகப் போய், நீதிமன்றத்தைத் தாண்டி, நகர நூலகத்தின் வாசலில் நின்றது.

அவர்கள் பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போகும்வரை மரத்தடியில் நின்றிருந்தார். பிறகு உள்ளே போனார். புதிதாகக் கட்டிய வாசிப்பறை. நீளநீளமான மேசைகள், இரண்டு பக்கமும் நாற்காலிகள், ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரே ஒரு விளக்கு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தன் விளக்கைக் கொஞ்சம் கீழே இழுத்தாள். இழுத்த இடத்திலேயே நின்றது. காவலரிடம் விசாரித்தார். பழைய விளக்கெல்லாம் எடுத்தாயிற்று, இது மொத்தமும் ஒரு அம்மா செய்தது, முக்கால்வாசி மாட்டியாயிற்று, மீதி இன்றைக்குத்தான் வந்து இறங்கியது என்றார் அவர். மூன்று மாதம் பழுதில்லாமல் நின்றால் ஊரில் உள்ள மற்ற நூலகங்களுக்கும் இதே அம்மாவிடம் வாங்கப்போகிறார்களாம். பழுது வந்தால் எல்லாவற்றையும் திருப்பிவிடுவதாகப் பேச்சாம்.

விளக்குக் கையின் மேல் துணி உறை போட்டிருந்ததால் ஸ்பிரிங் வெளியே தெரியவில்லை. உறையை விலக்கிப் பார்க்கக் கை போனது, தானே பின்வாங்கியது. பார்த்து என்ன ஆகப்போகிறது? பாரம் ஏற்றி எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று எண்ணினார். இன்னும் ஒரு வாரம் தாங்கலாம். அதன் பிறகு ஒன்று தலை தொங்கும், பிறகு பக்கத்தில் ஒன்று, பிறகு வரிசையாக. பிள்ளைகள் நிமிர்த்தி நிமிர்த்தி வைப்பார்கள், அது மெல்ல மெல்ல நோட்டுப் புத்தகத்தின் மேல் கவிழும். தங்கை ஓடி வருவாள். என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்கே தெரியாது. அவர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. அவள் சொன்ன பெரிய இடம் இதுதான், அவள் பொய் சொல்லவே இல்லை.

அதற்கு மேலும் மூன்று நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. சொல்லாமல் தப்பிக்க வழி உண்டா என்று பார்த்தார். கம்பி மேல் பழி போடலாம். பெயின்ட் மேல் போடலாம். யாரும் இல்லாத நேரத்தில் நூலகத்தில் புகுந்து ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. காவலரின் கைத்தடியை நினைத்ததும் போய்விட்டது. போன் அடிக்கும்போதெல்லாம் இரண்டு மணி விட்டுத்தான் எடுத்தார். அவளாகவே கண்டுபிடித்திருப்பாளோ? நேற்றுப் பேசும்போது குரல் ஒரு மாதிரி இருந்ததே? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவருக்கு, தன்னை ஒருத்தி சந்தேகப்படுவாளோ என்ற பயம் வந்ததும் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காம் நாள் காலை, மெத்தைக்காரரின் வண்டி வரவேண்டிய அன்று, ஒரு மெஷினை நிறுத்தி விளக்கு அளவுக்கு மாற்றினார். அன்றைக்கு ஐந்து முறையும் அடுப்பு மெத்தை ஸ்பிரிங்குக்கே வேண்டும். மனைவி தட்டைப் பார்த்தாள்.

"இது யாருக்கு? போன தடவதான் நானூத்தி எம்பது போச்சே?"

சொன்னார். மென்று விழுங்கித்தான் சொன்னார், ஆனால் எதையும் விடவில்லை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. அடுப்புக் கதவின் முன்னால் போய் நின்று பழைய குறிகளை வெறித்துப் பார்த்தாள். பிறகு சாக்பீஸ் உடைகிற மாதிரி அழுத்திக் குடையை வரைந்து, தட்டை உள்ளே தள்ளினாள்.

"பெயின்ட் அடிக்காம எடுத்துட்டுப் போங்க. நிறம் தெரியட்டும்" என்றாள்.

மெத்தைக் கம்பெனி வண்டி பதினோரு மணிக்கு வந்து மூன்று மணிவரை நின்றது. கூடவே அதிகாரியும் நின்றார். என்ன தாமதம் என்று கேட்டார். ஒரு பழைய ஆர்டர், உடனே செய்து கொடுக்க வேண்டியதாகிவிட்டது என்றார் இவர். வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் காரணம் கேட்டவரிடம் உண்மையைச் சொன்னார், அதற்குத் தகுந்த பலனும் உடனே கிடைத்தது. அதிகாரி ஒப்பந்தத்தை எடுத்து, ஓர் இடத்தில் அடித்து, பக்கத்தில் எழுதினார்.

"மூணு மெஷின் வேணாம். ஒண்ணரை போதும். மீதிய ரெண்டு தெரு தள்ளி இன்னொருத்தர்கிட்ட குடுக்கறோம். எதுக்கும் ரெண்டு எடம் இருக்கட்டும்."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டுவிட்டு, ஆறிய தட்டிலிருந்து ஸ்பிரிங்குகளைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு தங்கையின் கடைக்குப் போனார்.

கடையில் கூட்டமில்லை. தங்கையின் புருஷன் ஒரு விளக்குக்கு ஒயர் கோத்துக்கொண்டிருந்தவர் தலையை மட்டும் அசைத்தார். தங்கை வா என்றாள். அவர் உட்காரவில்லை. பெட்டியை மேசை மேல் வைத்துத் திறந்தார். தேன் நிறத்தில் நானூற்றெண்பது.

"போன தடவ குடுத்தது வேகாததும்மா. அடுப்புல எடமில்லன்னு வேக வெக்காமயே பெயின்ட் அடிச்சு அனுப்பிட்டேன். நீ வெளிய விக்கறன்னு நெனச்சேன். நூலகத்துல எல்லாம் தொங்கிடும். இன்னிக்கே மாத்திடலாம், நானும் வந்து மாட்டறேன்."

அவள் அழுவாள் அல்லது கத்துவாள் என்று நினைத்தார். அவள் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு பெட்டியை இழுத்து வைத்தாள். அவர் அனுப்பிய பெட்டி. உள்ளே கறுப்பு ஸ்பிரிங்குகள் அடுக்கு கலையாமல் இருந்தன.

"ஒண்ணுகூட மாட்டல" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் சுவரைக் காட்டினாள். அங்கே வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு ஸ்பிரிங், அதன் கீழே ஓர் இரும்புக் குண்டு, பக்கத்தில் பென்சிலால் தேதி. விளக்கு தருகிற பாரத்தைப் போல இரண்டு மடங்கு. கடைசி ஆணியில் மட்டும் ஸ்பிரிங் ஒரு விரல் நீளம் இறங்கிக் கிடந்தது.

"ஒவ்வொரு தடவையும் தொங்கவிடுவியா?"

"மொத தடவையிலேர்ந்து. உன் தங்கச்சிதான நான். இத்தனை வருஷத்துல ஒண்ணும் எறங்கினதில்ல. இது மட்டும் மூணாவது நாளே எறங்கிடுச்சு."

அதனால்தான் நாலாவது நாள் ஒரு ஸ்பிரிங்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டு மொட்டையிடம் போனாளாம். அவர் உடனே அடுப்பைக் காலி பண்ணிச் செய்து கொடுத்தாராம். அவருக்கும் பெரிய ஆர்டர்கள் இருந்தனவாம், இருந்தும் கொடுத்தாராம். இவர் துரோகம் என்று பேசிய காரியத்துக்கு அவளை அனுப்பிவைத்தவர் இவரேதான். அது விளங்கியதும் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"அப்பவே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"அண்ணன் தெரியாம செஞ்சிருப்பான், தெரிஞ்சதும் வருவான்னு மொத வாரம் நெனச்சேன். அப்புறம் தெரிஞ்சே செஞ்சிருப்பியோன்னு தோணிச்சு. வரியான்னு பார்த்தேன். இன்னிக்கு பத்தொம்பதாவது நாள்."

"மன்னிச்சுடும்மா."

"வந்துட்ட இல்ல, விடு. வீட்டுக்கு எப்பவும் போல வருவேன். அண்ணியப் பார்க்காம என்னால இருக்க முடியாது. ஆனா ஸ்பிரிங் இனிமே அந்தப் பட்டறைக்காரருகிட்டதான்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். உயர்த்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் புருஷன் எழுந்து போய் டீ வாங்கிவந்து கையில் கொடுத்தார், பேசாமல்தான். அந்தப் பேசாமையில் இப்போது இவரால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. டீயை ஆறவிட்டுக் குடித்தார்.

புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தவரை அவள் நிறுத்தினாள். உள்ளேயிருந்து ஒரு ஸ்பிரிங்கை மட்டும் எடுத்து, வெளிச்சத்தில் காட்டி நிறத்தைப் பார்த்து, காலியாக இருந்த ஓர் ஆணியில் மாட்டினாள். இரும்புக் குண்டைக் கோத்துவிட்டாள். பென்சிலால் தேதியை எழுதினாள். அவர் பெட்டியோடு வாசலில் நின்று அந்தக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் முன்னால் சுற்றி, அவர் மனைவி நிறம் பார்த்து இறக்கிய ஸ்பிரிங்தான். இருந்தாலும் அது இறங்கிவிடுமோ என்று அவருக்கே பயமாக இருந்தது.